பென்சில் புள்ளி

அவள் டீயை உட்கார்ந்து குடித்ததே இல்லை. டம்ளரைக் கையில் வாங்கியதும் நடக்கத் தொடங்கிவிடுவாள். எந்த இடத்தில் கடைசி வாய் தீர்கிறதோ அந்த இடத்திலேயே டம்ளர் நின்றுவிடும். ஜன்னல் விளிம்பில், தையல் மெஷின் மேல், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், ஒரு தடவை அரிசி டின்னுக்குள்ளேகூட. பதினைந்து வருடமாக அந்த டம்ளர்களைத் தேடி எடுத்துக் கழுவி வைப்பவள் அவளுடைய அக்கா. டம்ளர் கிடைத்த இடத்தை வைத்தே தங்கையின் மனசு எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுவாள். சமையலறைக்குள்ளேயே கிடைத்தால் கவலையில்லை. வாசல் கேட்டின் மேல் கிடைத்தால் பரீட்சை. மொட்டை மாடியில் கிடைத்தால் அன்றைக்கு வாயைக் கொடுக்காமல் இருப்பது நல்லது.

அம்மா அவளுக்கு வைத்த பெயர் பம்பரம். பள்ளிக்கூடத்து டீச்சர்கள் வேறு பெயர்களும் வைத்தார்கள், அவை அவ்வளவு அன்பானவை அல்ல. அவள் ஐந்தாவது படிக்கும்போது அப்பா போய்விட்டார். அம்மா ஒரு பெரிய சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்கும் வேலைக்குப் போனாள். அக்கா எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டுத் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தாள். வீடு இரண்டு அறை. முன்னறையில் பாதி மெஷினும் துணி மூட்டைகளும். மீதிப் பாதியில் பம்பரம் நடந்துகொண்டே படித்தாள்.

நர்ஸ் படிப்பு என்று முடிவானபோது அக்கா ஒரே வரியில் சொல்லிவிட்டாள்.

"நடக்கிறதுக்குச் சம்பளம் குடுக்கிற வேலை ஒண்ணே ஒண்ணுதான்டி இருக்கு. அது உனக்குன்னே இருக்கு."

நாலு வருடப் படிப்பு முடிந்து பதிவு எண்ணும் கைக்கு வந்த மாதம், பஸ்ஸில் முக்கால் மணி நேரத் தொலைவிலிருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அதே மாதத்தில்தான் அம்மாவுக்கு வலது விலாவுக்குக் கீழே சுருக்கென்று ஒரு வலி வந்தது. ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், பித்தப்பையில் கல் என்றார். இன்றைக்கே கத்தி வைக்க வேண்டியதில்லை, ஆனால் வருடக்கணக்கில் விட்டுவைக்கவும் கூடாது, எண்ணெய்ப் பலகாரத்தைத் தொடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார். வெளியே அந்த ஆபரேஷனுக்குக் கேட்ட தொகை அக்கா இரண்டு வருடம் கழுத்து வலிக்கத் தைத்தாலும் சேராத தொகை.

அதனால்தான் வேலைக் கடிதத்தை மூன்று பேரும் ஒரு வரி விடாமல் படித்தார்கள். அம்மாவும் அக்காவும் தரையில் உட்கார்ந்து படித்தார்கள். பம்பரம் மட்டும் நின்றுகொண்டு படித்தாள். மூன்று பக்கம். முதல் பக்கத்தில் வாழ்த்து. இரண்டாம் பக்கத்தில் சம்பளம். ஆறு மாதத்துக்குப் பயிற்சி நர்ஸ், மாதம் பதினோராயிரம். பணி உறுதியான பிறகு பத்தொன்பதாயிரம். பணி உறுதியானவர்களின் தாய் தந்தைக்கு அந்த ஆஸ்பத்திரியில் சிகிச்சையும் அறுவை சிகிச்சையும் இலவசம். மூன்றாம் பக்கம் பொடி எழுத்தில் நிபந்தனைகள். அதில் ஒன்று, பணி உறுதியாக ஒரு நர்ஸ் முப்பது முறையாவது வார்டைத் தனிப்பொறுப்பில் பார்த்திருக்க வேண்டும் என்றது.

"முப்பது தடவைதானே," என்றாள் அவள். "ஒரு மாசத்துல முடிஞ்சிரும்."

"ஆறு மாசம் பொறுத்துக்கலாம்," என்றாள் அம்மா. "கல்லு எங்க ஓடிப்போகப் போகுது."

முதல் சம்பளம் வந்தபோது பதினோராயிரத்தில் எட்டாயிரத்துச் சொச்சம்தான் இருந்தது. இரண்டு ஜோடி யூனிபார்முக்குப் பிடித்திருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிடித்திருந்தார்கள். அந்தச் சாப்பாடு ஒன்றிலிருந்து ஒன்றரைக்குள் போனால்தான் கிடைக்கும். மதியம் இரண்டு மணிக்கு டியூட்டிக்கு வருபவளுக்கு அது எப்படிக் கிடைக்கும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. தங்குமிடம் என்று ஒரு தொகை வேறு.

"நீதான் வீட்டுலேர்ந்து போற. எந்தத் தங்குமிடம்?" என்றாள் அக்கா.

"பயிற்சி நர்ஸ் எல்லாருக்கும் பிடிப்பாங்களாம். தங்கினாலும் தங்காட்டியும்."

"அப்ப ஒரு நாள் போய்ப் படுத்துட்டாவது வா. வாடகை குடுக்கிற ரூமைக் கண்ணால பாக்க வேணாமா?"

அவள் சிரிக்கவில்லை. டம்ளர் அன்றைக்கு மாடிப்படியில் கிடைத்தது.

அவளைப் போட்ட இடம் இரண்டாம் மாடி, ஆண்கள் அறுவை வார்டு. இருபத்திரண்டு கட்டில். நுழைந்ததும் இடது கையில் மருந்து அலமாரி, அதற்குப் பக்கத்தில் கால் ஆடும் ஒரு மேஜை, மேஜைக்கு மேலே எப்போதும் ஐந்து நிமிடம் பின்னால் ஓடும் கடிகாரம். பெரும்பாலும் அவளுக்கு மாலை டியூட்டி, மதியம் இரண்டிலிருந்து எட்டு வரை. அந்த நேரத்தில் வார்டில் அவளும் ஓர் ஆயாவும்தான். சீனியர் நர்ஸ் ஒருத்தி உண்டு, ஆனால் அவளுக்கு மூன்று மாடி. மூன்றாம் மாடியில் மூச்சுக் கருவி மாட்டிய நோயாளிகள் இருந்ததால் அவள் அங்கேயே கட்டுண்டு கிடப்பாள். அதனால் எல்லாரும் அவளை மூணாம் மாடி அக்கா என்றுதான் சொன்னார்கள்.

ஒவ்வொரு வார்டிலும் பொறுப்பு நோட்டு என்று ஒரு தடித்த நோட்டு இருக்கும். டியூட்டி முடிந்து அடுத்தவளிடம் வார்டை ஒப்படைக்கும்போது எத்தனை பேர், யாருக்கு என்ன நிலைமை, எந்த மருந்து பாக்கி என்று அதில் எழுதி, கீழே 'பொறுப்பு நர்ஸ்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும். எழுதுவது பம்பரம். கையெழுத்துப் போடுவது மூணாம் மாடி அக்கா. அதற்கு ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக வந்தவர்கள் கையெழுத்துக்கான இடத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைக்க வேண்டும். எட்டு மணியை ஒட்டி சீனியர் மாடி மாடியாக இறங்கி வந்து, புள்ளி கண்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டு, சட்டைப்பையில் வைத்திருக்கும் ரப்பரால் புள்ளியை அழித்துவிட்டுப் போவாள். வாசலைக் கூட்டிக் கோலம் போட்ட மாதிரி சுத்தமாக இருக்கும் அந்தப் பக்கம்.

புதிய நர்ஸ்களுக்கே புள்ளிகள் என்றுதான் பெயர். "ரெண்டாம் மாடிப் புள்ளி வந்தாச்சா?" என்று ஆயாக்கள் கேட்பார்கள். யாரும் அதை ஏமாற்று வேலை என்று நினைக்கவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றுவது போல அது ஒரு பழக்கம்.

வீட்டில் இதைச் சொன்னபோது அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னாள்.

"அப்ப நீ ஆஸ்பத்திரியில பெரும்புள்ளின்னு சொல்லு."

ஆறு மாதம் முடிந்தது. கடிதம் எதுவும் வரவில்லை. மேட்ரனிடம் இரண்டு தடவை கேட்டாள். மேட்ரன் உயரமான, குரலை உயர்த்தாத அம்மாள். இரண்டு தடவையும் "ஆகும், ஆகும்" என்றார். பம்பரத்துக்கு ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் நின்றாள். பஸ் நிறுத்தத்தில் நிற்க முடியாமல் அடுத்த நிறுத்தம் வரை நடந்தாள். அம்மாவுக்கு மாதம் இரண்டு தடவை வலி வந்துகொண்டிருந்தது. வலி வரும்போது அம்மா எதுவும் சொல்லமாட்டாள், மடித்த போர்வையை விலாவோடு அணைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுப்பாள். அவ்வளவுதான். அதைப் பார்த்துவிட்டு டியூட்டிக்குப் போகும் நாட்களில் அவள் வார்டில் இரண்டு மடங்கு நடந்தாள்.

ஏழாவது மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. எட்டாம் நம்பர் கட்டிலில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் குடலிறக்கத்துக்காகப் படுத்திருந்தார். வாய் ஓயாத மனிதர். மதியம் தள்ளுவண்டியில் ஏற்றியபோது, "எல்லாரும் ஏறியாச்சா, ரைட், போகலாம்," என்று அவரே விசிலும் ஊதிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது ஏழே முக்கால். விசில் இல்லை. மயக்கம் பாதி தெளிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். ஆபரேஷன் தியேட்டர் ஆள் தள்ளுவண்டியைக் கேட்டு அவசரப்படுத்தினான். பதிமூன்றாம் கட்டில்காரருக்கு டிரிப் தீர்ந்திருந்தது. இரவு டியூட்டிக்கு வந்தவள் பையைக் கீழே வைக்காமலேயே, "நோட்டு முடிச்சுட்டியா?" என்று நின்றாள்.

அவள் தியேட்டர் சீட்டில் கையெழுத்துப் போட்டாள். டிரிப் தாளில் போட்டாள். மருந்துத் தாளில் நாலு இடத்தில், வலி ஊசிப் புத்தகத்தில் இரண்டு இடத்தில் போட்டாள். எல்லாம் அவள் செய்தவை, அவள் போட வேண்டிய கையெழுத்துகள். கல்லூரியில் நாலு வருடமாகக் காதில் ஓதியது அதுதான், செய்தவள் போடு, செய்யாதவள் போடாதே. கை தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பொறுப்பு நோட்டு வந்தது, அதிலும் போட்டுவிட்டது. பெயர், பதிவு எண், மணி ஏழு ஐம்பத்தைந்து. நீல மையில்.

எட்டு மணிக்கு மூணாம் மாடி அக்கா ரப்பரும் கையுமாக இறங்கி வந்து நோட்டைப் பிரித்தாள். நீலக் கையெழுத்தின் மேல் விரலை வைத்தாள்.

"அடிப்பாவி," என்றாள் மெதுவாக.

வார்டுத் தாள்களில் மையால் எழுதியதை அழிக்கக் கூடாது. மேலே வெள்ளை பூசக் கூடாது. ஒரே ஒரு கோடு குறுக்கே இழுத்து, பக்கத்தில் காரணம் எழுதி, தேதி போட்டுச் சுருக்கொப்பம் இட வேண்டும். அதுவும் எழுதியவளே செய்ய வேண்டும். வேறு யாரும் தொட முடியாது.

மறுநாள் மேட்ரன் கூப்பிட்டனுப்பினார். மேஜைமேல் நோட்டு திறந்திருந்தது.

"திங்கட்கிழமை ஆஸ்பத்திரித் தரம் பாத்துச் சான்று குடுக்கிறவங்க வர்றாங்க. தெரியும்ல?"

"தெரியும் மேடம்."

"டியூட்டிப் பட்டியல்ல மூணு மாடிக்கும் அவ பேர் இருக்கு. நோட்டுல உன் பேர் இருக்கு. என்ன சொல்றது நான்?"

மேட்ரன் நோட்டை அவள் பக்கம் திருப்பினார்.

"ஒரு கோடு போடு. பக்கத்துல, தவறுதலா எழுதிட்டேன், சீனியர் வார்டுலதான் இருந்தாங்கன்னு எழுது. அதையே ஒரு தாள்லயும் எழுதிக் குடு. திங்கட்கிழமை காலைக்குள்ள." மேட்ரன் குரலை இன்னும் தாழ்த்தினார். "வருஷ முடிவுல உன் உறுதிக்கு நானே சிபாரிசு பண்றேன்."

வருட முடிவுக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது. அவள் தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். வந்தவள் படியிறங்கி வார்டுக்குப் போகவில்லை. நேரே கீழ்த்தளத்தில் சம்பள ஆபீசுக்குப் போய் நின்றாள். ஏன் போனோம் என்று பிறகு யோசித்தபோது அவளுக்கே தெரியவில்லை. கால் போனது.

சம்பள ஆபீசரைப் பற்றி நல்லதும் கெட்டதும் யாரும் சொன்னதில்லை. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத் தாளைத் தேடுவார், கண்ணாடியை இறக்கிவிட்டு ஆளைப் பார்ப்பார். அவள் கேட்டதும் கம்ப்யூட்டரைத் தட்டினார்.

"ஆறு மாசம் முடிஞ்சிருச்சு. சரி. தனிப்பொறுப்பு..." என்று இழுத்தார். "ஒண்ணு இருக்கு."

"ஒண்ணா?"

"நேத்து. செவ்வாய்க்கிழமை. வார்டு நோட்டுலேர்ந்து தினமும் எங்களுக்குப் பதிவாகி வரும். இன்னும் இருபத்தொன்பது முடிச்சீங்கன்னா கடிதம் அடிச்சுரலாம்."

"சார், ஏழு மாசமா அந்த வார்டைச் சாயந்தரத்துல நான் ஒருத்திதான் பாக்கிறேன்."

அவர் கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தார். வஞ்சகம் எதுவும் அந்தப் பார்வையில் இல்லை.

"இருக்கலாம்மா. எனக்கு நோட்டு சொல்றதுதான் தெரியும். நோட்டு ஒண்ணுங்குது."

அன்றைக்கு வார்டில் எட்டாம் கட்டில் கண்டக்டர் கட்டிலில் சாய்ந்தபடி அவள் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, இந்த ரூட்ல எத்தனை டிரிப் அடிச்சாச்சு?"

"எண்ணலை ஐயா."

"எண்ணணும். எண்ணலைன்னா பேட்டா கிடைக்காது," என்றார் அவர் சாதாரணமாக. பிறகு தையல் போட்ட இடம் வலிக்கிறது, மாத்திரை எப்போது என்று கேட்டார்.

வீட்டில் அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அம்மா உள்ளறையில் படுத்திருந்தாள். இருவரும் குரலை அடக்கிப் பேசினார்கள்.

"அப்ப நூறு தடவைக்கு மேல வார்டைப் பாத்திருக்கே. கணக்குல ஒண்ணு," என்றாள் அக்கா.

"அதையும் அடிக்கச் சொல்றாங்க."

"அடிச்சா?"

"மறுபடி பூஜ்யம். வருஷ முடிவுல சிபாரிசு பண்ணுவாங்களாம்."

"சிபாரிசுன்னா? எழுதித் தந்தாங்களா?"

"வாயால சொன்னாங்க."

"வாயாலயா." அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அப்ப அடிக்காதே. இனிமே தினமும் உன் பேரையே போடு. இதுல யோசிக்க என்ன இருக்கு? கையைக் காலைக் கட்டியா வெச்சிருக்காங்க?"

யோசிக்க இருந்தது. அதை அவள் அக்காவிடம் சொல்லவில்லை. மூணாம் மாடி அக்காவுக்கு ஒவ்வொரு பொறுப்புக் கையெழுத்துக்கும் சம்பளத்துக்கு மேல் ஒரு சின்னப் படித்தொகை உண்டு. மூன்று மாடிக்கு மூன்று கையெழுத்து, மூன்று படி. பம்பரம் ஒரு கையெழுத்துப் போட்டால் அங்கே ஒரு படி போய்விடும். அந்த அக்கா கெட்டவள் இல்லை. முதல் மாதத்தில் நரம்பு கிடைக்காமல் அவள் கை நடுங்கியபோது, யாரையும் கூப்பிடாமல், திட்டாமல், பக்கத்தில் வந்து நின்றுகொண்டு "அவர் கையைப் பாக்காதே, உன் விரலை நம்பு," என்று சொன்னவள். பதினோரு வருடம் வேலை பார்த்தவள். அவளுடைய சம்பளம் புதிதாக உறுதியானவளுக்கு வரும் பத்தொன்பதைவிட நாலாயிரம்தான் அதிகம் என்று வார்டில் எல்லாருக்கும் தெரியும்.

வியாழன் போனது, வெள்ளி போனது. இரண்டு நாளும் புள்ளிதான் வைத்தாள். சனிக்கிழமை விடுப்பு. அன்றைக்கு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, 'அம்மையீர், கடந்த செவ்வாய்க்கிழமை நான் தவறுதலாக' என்று எழுதினாள். அதற்கு மேல் பேனா நகரவில்லை. எழுந்து தண்ணீர் குடித்தாள். மாடிக்குப் போனாள், வந்தாள். தவறுதலாக என்பது பொய் இல்லை. அடுத்த வார்த்தையில்தான் பொய் வர வேண்டும். அம்மா அடுக்களையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னடி, குட்டி போட்ட பூனை மாதிரி சுத்திச் சுத்தி வர்றே?"

"ஒண்ணுமில்லம்மா."

"என் ஆபரேஷனை நெனச்சு எதையாவது செஞ்சு வைக்காதே. நான் கஞ்சி குடிச்சுக்கிட்டு இருந்திருவேன். எனக்கு ஒண்ணும் கஷ்டம் இல்லை."

அம்மா மூன்று கிலோ இளைத்திருந்தாள். ஆஸ்பத்திரி எடை இயந்திரத்தில் பம்பரமே அவளை நிறுத்திப் பார்த்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை மூணாம் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில் படிக்கட்டுத் திருப்பத்தில் அந்த அக்காவைப் பிடித்தாள். இருவருக்கும் இரண்டு நிமிடம்கூட இல்லை. மேலே ஏதோ கருவி கூவிக்கொண்டிருந்தது.

"மேட்ரன் எழுதித் தரச் சொன்னாங்கக்கா."

"தெரியும். எழுதிட்டியா?"

"இல்லை."

மூணாம் மாடி அக்கா கைப்பிடிச் சுவரில் சாய்ந்தாள்.

"அந்தப் படியிலதான் என் மகளோட ஸ்கூல் வேன் ஓடுது. அதைச் சொல்லாம இருந்தா நான் பொய் சொன்ன மாதிரி ஆயிரும். சொல்லிட்டேன்."

"அதனாலதான்கா உங்ககிட்ட வந்தேன்."

"எங்கிட்ட எதுக்குடி வந்தே? நான் சரின்னு சொல்லணுமா? வேணாம்னு சொல்லணுமா?" குரல் கடுகடுப்பாகத்தான் இருந்தது. "நான் வந்ததும் இப்படித்தான். ஒண்ணரை வருஷம் புள்ளி வெச்சேன். அப்ப எனக்குக் கையெழுத்துப் போட்டவ இப்ப வெளிநாட்டுல இருக்கா." மேலே கருவி நிற்கவில்லை. இரண்டு படி ஏறிவிட்டுத் திரும்பினாள். "இதோ பாரு. நான் இறங்கி வரும்போது இடம் காலியா இருந்தா கையெழுத்துப் போடுவேன். காலியா இல்லைன்னா எப்படிப் போடறது? அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

ஏறிப் போய்விட்டாள்.

அன்று எட்டு மணிக்குச் சற்று முன்னால் பொறுப்பு நோட்டை எழுதி முடித்ததும் பம்பரம் பென்சிலை மேஜை டிராயருக்குள் போட்டு மூடினாள். பெயர், பதிவு எண், மணி ஏழு ஐம்பத்தெட்டு. இந்த முறை கை தன் பாட்டுக்குப் போடவில்லை. மூணாம் மாடி அக்கா வந்தாள், பார்த்தாள், ரப்பரைப் பைக்குள் போட்டுக்கொண்டு முதல் மாடிக்கு இறங்கினாள்.

திங்கட்கிழமை அவளைக் காலை டியூட்டிக்கு வரச் சொல்லியிருந்தார்கள், வந்தவர்கள் முன்னால் வார்டில் ஆள் நிறைய இருக்க வேண்டும் என்பதற்காக. ஒன்பது மணிக்கு மேட்ரன் நோட்டைத் திறந்தபோது அடித்த கோட்டுக்குப் பதிலாக இரண்டாவது கையெழுத்து இருந்தது. மேட்ரன் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். ஆனால் பேச நேரமில்லை. தரம் பார்க்க வந்த மூன்று பேரும் அதற்குள் படியேறி வந்துவிட்டார்கள்.

அவள் டிரஸ்ஸிங் தட்டைப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டாம் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள். மூவரில் ஒரு பெண்மணி நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டு வந்தார். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"மாலை எல்லாம் ஒரே கையெழுத்து. இந்த ரெண்டு நாள் மட்டும் வேற ஒருத்தர். இவங்க புதுசா?"

தட்டில் இருந்த கத்தரிக்கோல் ஆடி ஓசை எழுப்பியது. அவள் அதை விரலால் அமுக்கிக்கொண்டாள்.

மேட்ரன் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

"ஆமா மேடம். புது நர்ஸ்களுக்குப் பொறுப்பைப் பழக்குறோம். சீனியர் மேற்பார்வையில அவங்க பேர்லயே. போன வாரம்தான் ஆரம்பிச்சோம்."

"நல்ல விஷயம்," என்றார் அந்தப் பெண்மணி, எழுதிக்கொண்டே. "எல்லா வார்டுலயும் செய்யுங்க. அடுத்த தடவை வரும்போது பாக்கிறோம்."

அவர்கள் அடுத்த வார்டுக்குப் போனார்கள். பன்னிரண்டாம் கட்டில்காரர், "சிஸ்டர், கட்டைப் பிரிச்சு வெச்சுட்டு அங்க என்ன வேடிக்கை?" என்று முனகினார்.

மேட்ரன் அதன்பிறகு அந்தத் தாளைக் கேட்கவே இல்லை. திட்டவும் இல்லை. அடுத்த வாரத்து டியூட்டிப் பட்டியலில் பம்பரத்துக்கு ஆறு நாளும் காலை டியூட்டி. காலையில் வார்டில் நாலு பேர், பொறுப்பு எப்போதும் மூத்தவளுடையது. அதற்கு அடுத்த வாரமும் காலை. அதற்கு அடுத்த வாரம் வெளிநோயாளிப் பிரிவில் சீட்டு எழுதும் வேலை. மாலை டியூட்டி மாதத்துக்கு ஐந்தோ ஆறோதான் கையில் கிடைத்தது. கேட்டால், "எல்லாப் பிரிவும் பழகணும் இல்லையா," என்றார் மேட்ரன் மிகவும் அன்பாக.

அவள் மற்ற மூன்று புள்ளிகளிடமும் போய் நின்றாள். யாருக்காவது மாலை வேண்டாமென்றால், பிள்ளைக்கோ வீட்டுக்கோ காலை வசதியென்றால், மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டாள். டியூட்டி மாற்றுச் சீட்டில் இரண்டு பேர் கையெழுத்து இருந்தால் போதும், மேட்ரன் மறுக்க முடியாது. யாரும் விரும்பாத ஞாயிறு மாலைகளையெல்லாம் அவள் வாங்கிக்கொண்டாள். ஒன்பது, பத்து, பதினொன்று என்று மெதுவாக ஏறியது. முதல் மாடியில் இருந்த குட்டை என்ற பெண், தரம் பார்க்க வந்தவர்கள் போய்ப் பத்து நாள் கழித்துத் தானும் சொந்தப் பெயரைப் போடத் தொடங்கினாள். மற்ற இருவர் வைத்த புள்ளியை வைத்துக்கொண்டே இருந்தார்கள். மேட்ரன் தங்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார் என்றார்கள்.

பதினெட்டில் இருந்தபோது ஒரு காலை அம்மாவுக்கு வலி வந்து நிற்கவில்லை. வாந்தியும் காய்ச்சலுமாகப் பக்கத்துக் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஊசி, டிரிப், மூன்று நாள் படுக்கை. அக்கா யாருடைய கல்யாணத்துக்கோ தைத்துக் கொடுத்த பெரிய வேலையின் கூலி அதில் கரைந்தது. அங்கிருந்த நர்ஸ் நரம்பு தேடும்போது பம்பரம் பார்க்க முடியாமல் வராந்தாவில் நடந்தாள். தான் அந்த ஞாயிற்றுக்கிழமையும் புள்ளியே வைத்துவிட்டு, மேட்ரன் சொன்ன கோட்டைப் போட்டுவிட்டு, சிபாரிசுக்குக் காத்திருந்தால் இதைவிட முன்னால் முடிந்திருக்குமோ என்று அந்த வராந்தாவில்தான் முதல் தடவையாக நினைத்தாள். அக்கா உள்ளேயிருந்து வந்து அவள் தோளைப் பிடித்து ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தாள்.

"ரெண்டு நிமிஷம் உக்காரு. தரை தேயுது."

முப்பதாவது கையெழுத்து விழுந்தது பதினோராவது மாதத்தில், ஒரு புதன்கிழமை. சம்பள ஆபீசர் சொன்ன சொல் தவறவில்லை. மறுநாளே கடிதம் அடித்துவிட்டார். பணி உறுதி கடிதத் தேதியிலிருந்துதான், முந்தைய மாதங்களுக்குப் பாக்கி எதுவும் கிடையாது. அதற்குக் கீழே இன்னொரு வரி, பெற்றோர் சிகிச்சைச் சலுகை உறுதியான நாளிலிருந்து அறுபது நாள் கழித்து அமலுக்கு வரும்.

"இது முன்னாடி கடிதத்துல இல்லையே சார்?"

"இது சலுகை விதிப் புத்தகத்துல இருக்கும்மா. அந்தப் புத்தகத்தை உறுதியானவங்களுக்குத்தான் குடுப்போம்," என்றார் அவர், அந்தப் புத்தகத்தை நீட்டியபடி.

இப்போது அவளுக்குச் சம்பளம் பத்தொன்பதாயிரம். பிடித்தம் போகப் பதினேழாயிரத்து முந்நூறு வருகிறது. தங்குமிடத்துக்குப் பிடிப்பதை நிறுத்திவிட்டார்கள். குட்டைக்கு இன்னும் ஏழு கையெழுத்து பாக்கி. மற்ற இருவரில் ஒருத்தி போன வாரம் பேனாவால் போட ஆரம்பித்திருக்கிறாள், இன்னொருத்தி வேலையை விட்டுவிட்டாள். மூணாம் மாடி அக்காவுக்கு மாதம் இருபது படிக்கு மேல் குறைந்துவிட்டது. அவள் மகள் இப்போது வேனில் போவதில்லை, பஸ்ஸில் போகிறாள். அந்த அக்கா பம்பரத்தோடு பேசுகிறாள், வேலை விஷயம் மட்டும். அறுபது நாளில் முப்பத்தெட்டு கழிந்திருக்கிறது. அம்மா சலவைக்கூடத்துக்கு மறுபடி போகத் தொடங்கிவிட்டாள். ஆபரேஷனுக்கு அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி காலை ஏழரைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.